யார் பதில் சொல்லவில்லை? பல சர்வர்களில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் அவுட்புட்டை ஒழுங்குபடுத்துவது

கேள்வி இதுதான்: அறுபது லினக்ஸ் சர்வர்கள். ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் மணிக்கு ஒரு தடவை எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொன்றுக்குள்ளும் போய், டிஸ்க் எவ்வளவு மீதி, எந்தக் கெர்னல் ஓடுகிறது, பேக்கப் முடிந்ததா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே லாக் கோப்பில் கொட்டுகிறது. வேகத்துக்காக அறுபதையும் ஒரே நேரத்தில் பின்னணியில் ஓடவிட்டதும் வரிகள் கலந்துவிட்டன. எது யாருடையது என்று தெரியவில்லை. பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் அன்சிபிள் என்ற கருவிக்கு மாறினால் சரியாகிவிடுமா?

மாறலாம், நல்ல கருவிதான். ஆனால் அன்சிபிளை வைத்துக்கொண்டும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்ட முடியும். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கையில் இருக்கும் ஸ்கிரிப்ட்டையே சரிசெய்வோம்.

ஒவ்வொரு சர்வரிடமிருந்தும் மூன்று விதமான சங்கதிகள் வருகின்றன. ஒன்று, நீங்கள் கேட்ட தகவல்: டிஸ்க் 82 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது போல. இன்னொன்று, போகிற வழியில் வரும் பேச்சு: வரவேற்பு பேனர், எச்சரிக்கைகள், எரர்கள். மூன்றாவது, வேலை நடந்ததா இல்லையா என்று சொல்லும் எக்ஸிட் கோட். கடைசியில் 2>&1 என்று போட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால் முதல் இரண்டும் கலந்துவிடும், மூன்றாவது எங்கேயும் பதிவாகாமலே போய்விடும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் நடப்பது இதுதான்.

வரிகள் நடுவில் உடைவதற்குக் காரணம் உண்டு. பல புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஒரே பைப்பில், அதாவது ஒன்றின் அவுட்புட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாயில், எழுதும்போது, ஒரு தடவையில் எழுதும் துண்டு சிறியதாக இருந்தால் அது உடையாமல் போய்ச் சேரும். யூனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான பொது விதியான பாசிக்ஸ் தரம் உறுதி தருவது 512 பைட் வரைக்கும். லினக்ஸில் 4096 பைட். அதைத் தாண்டினால் இன்னொரு புராசஸ் நடுவில் புகுந்துவிடலாம். போதாக்குறைக்கு எஸ்எஸ்எச் கிளையன்ட் வரி பார்த்து எழுதுவதில்லை. நெட்வொர்க்கில் துண்டு வந்தபடியே எழுதிவிடும். அது பாதி வரியில் முடிந்திருந்தால், மீதிப் பாதி வருவதற்குள் பக்கத்து சர்வரின் வரி அங்கே உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சர்வர் பெயரைப் போடச் சொல்வார்கள். திரையில் நின்று பார்ப்பதற்கு அது உதவும். சேமித்து வைப்பதற்கு உதவாது.

சேமிக்க நான் செய்வது இது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒவ்வொரு சர்வருக்கும் மூன்று கோப்புகள்: தகவலுக்கு ஒன்று, எரருக்கு ஒன்று, எக்ஸிட் கோடுக்கு ஒன்று. அறுபது எஸ்எஸ்எச்சும் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒவ்வொன்றும் தன் கோப்பில் மட்டும் எழுதுவதால் கலக்க வழியே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, தனியாக ஒரே ஒரு புராசஸ் அந்தக் கோப்புகளைப் படித்துச் சுருக்கம் தயாரிக்கும். சேகரிப்பதும் சுருக்குவதும் தனித்தனி வேலைகளாக இருந்தால் இன்னொரு வசதியும் கிடைக்கும். சுருக்கும் ஸ்கிரிப்ட்டில் பிழை என்றால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம், அறுபது சர்வரையும் மீண்டும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை.

சின்ன விஷயங்கள் சிலவற்றில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கியிருக்கிறேன்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உங்கள் பட்டியலில் இருக்கும் பெயரையே வையுங்கள். அந்த சர்வரிடம் ஹோஸ்ட்நேம் கேட்டு அதை வைக்காதீர்கள். ஒரு விர்ச்சுவல் மெஷினை குளோன் செய்து, ஹோஸ்ட்நேம் மாற்ற மறந்தவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. இரண்டு மெஷின்கள் ஒரே பெயரைச் சொன்னால் ஒன்றின் கோப்பு மேல் இன்னொன்று எழுதிவிடும், எண்ணிக்கை 59 ஆகிவிடும், ஏன் என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றுவது ஒரே அடியில் நடக்கும். பாதிப் பெயர் மாறிய நிலை என்று ஒன்று கிடையாது. ஆகவே சரியான பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது முழுமையான கோப்பு என்று நம்பலாம்.

ஃபோல்டர் பெயரில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்ற வரிசையில் தேதி வையுங்கள், சாதாரணமாகப் பட்டியலிட்டாலே கால வரிசையில் நிற்கும். முக்காற்புள்ளி வேண்டாம். விண்டோஸ் அதைக் கோப்புப் பெயரில் ஏற்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், லினக்ஸிலேயே கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார், வேறு மெஷினுக்கு அனுப்பும் எஸ்சிபி போன்றவை முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை இன்னொரு மெஷினின் பெயர் என்று நினைத்துக்கொள்ளும். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைப்பதா நம் நேரத்தில் வைப்பதா என்பதில் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். யுடிசி என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: இந்திய, இலங்கை நேரப்படி நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை ஓடியதெல்லாம் முந்தைய நாள் தேதியில் போய் உட்காரும். "நேற்று ராத்திரி ஒரு மணி ரிப்போர்ட் எங்கே" என்று தேடுபவர் தவறான ஃபோல்டரில்தான் தேடுவார்.

இதுவரை சொன்னது அடுக்கி வைக்கும் வேலை. உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: வராத அவுட்புட்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 48 மெஷின்களுக்கு இதே மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். தினமும் இரவு ஓடும். காலையில், சேர்ந்த லாகில் தோல்வி என்று பொருள்படும் சொற்களைத் தேடி, ஒன்றும் இல்லை என்றால் "எல்லாம் நலம்" என்று மெயில் அனுப்பும். மூன்று மெஷின்களில் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டார்கள். அதனால், ஒரு சர்வரை எஸ்எஸ்எச்சுக்கு அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ மாறிவிட்டது. எஸ்எஸ்எச், கீ ஒத்துப்போகவில்லை என்று எரரில் கத்திவிட்டு வெளியே வந்துவிட்டது. அந்த எரரை நான்தான், சத்தமாக இருக்கிறது என்று, எழுதியதெல்லாம் மறைந்துபோகும் நல் டிவைஸுக்குத் திருப்பி வைத்திருந்தேன். பத்தொன்பது நாள் "எல்லாம் நலம்" மெயில் வந்துகொண்டே இருந்தது. அந்த மூன்றில் ஒன்றில் பேக்கப் ஓடவே இல்லை என்பது, ஒருவர் பழைய கோப்பு கேட்டு வந்த அன்றுதான் தெரிந்தது. தவறு முழுக்க என்னுடையது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா" என்று எத்தனை குரல் வந்தது என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. குரல் வராத பெயருக்கு நேரே குறி போடுகிறார். நம் ஸ்கிரிப்ட்டும் அதையே செய்ய வேண்டும். ஓட்டம் தொடங்கும்போதே சர்வர் பட்டியலின் நகல் ஒன்றை அந்த ஃபோல்டருக்குள் போட்டுவிடுங்கள். முடிந்ததும் அந்தப் பட்டியலையும் வந்து சேர்ந்த கோப்புகளின் பெயர்களையும் வரிசைப்படுத்தி 'காம்' கட்டளையால் ஒப்பிட்டால், வராதவர் யார் என்று இரண்டே வரியில் வந்துவிடும். நகல் எதற்கு என்றால், மூன்று மாதம் கழித்துப் பழைய ஓட்டத்தைப் பார்க்கும்போது அன்றைக்குப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும்.

எக்ஸிட் கோடைப் பிடித்து வைத்திருந்தால் வராதவர்களையும் வகை பிரிக்கலாம். எஸ்எஸ்எச் தன்னால் இணைக்க முடியவில்லை என்றால் 255 தரும். இணைந்துவிட்டால், அந்தப் பக்கம் ஓடிய கட்டளையின் கோடை அப்படியே தரும். ஆக 0 என்றால் நல்லது, 255 என்றால் போய்ச் சேரவே இல்லை, வேறு எண் என்றால் போய்ச் சேர்ந்தும் வேலை கெட்டது. 'டைம்அவுட்' கட்டளையைச் சுற்றிப் போட்டிருந்தால் 124 என்பது நேரம் தாண்டிவிட்டதைக் குறிக்கும். போய்ச் சேரவில்லை என்றால் நெட்வொர்க்கையோ கீயையோ பார்க்க வேண்டும், வேலை கெட்டது என்றால் அந்த மெஷினைப் பார்க்க வேண்டும். இரண்டையும் "ஃபெயில்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் காலையில் எங்கே தொடங்குவது என்று தெரியாது.

டைம்அவுட் பற்றி ஒரு வார்த்தை. எஸ்எஸ்எச்சில் இருக்கும் கனெக்ட்டைம்அவுட் அமைப்பு இணைப்பு கிடைப்பதற்கு மட்டும்தான். உள்ளே போன பிறகு தொங்கினால் அது காப்பாற்றாது. செத்துப்போன என்எஃப்எஸ் மவுண்ட் (நெட்வொர்க் வழியாக இணைத்த வேறு மெஷினின் டிஸ்க்) ஒன்று இருந்தால், டிஸ்க் மீதியைக் காட்டும் டிஎஃப் கட்டளை திரும்பி வரவே வராது. டிஸ்க் பார்க்கும் ஸ்கிரிப்ட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அதனால் முழு எஸ்எஸ்எச் கட்டளைக்கும் உங்கள் பக்கத்தில் ஒரு டைம்அவுட் வேண்டும். பாஸ்வேர்ட் கேட்டு நின்றுவிடாமல் இருக்க பேட்ச்மோட் அமைப்பை 'யெஸ்' என்று வையுங்கள்.

இன்னொரு பழைய கண்ணி: பட்டியலை 'வைல் ரீட்' லூப்பில் படித்து உள்ளே எஸ்எஸ்எச் போட்டால், எஸ்எஸ்எச் அந்தப் பட்டியலின் மீதி வரிகளைத் தன் உள்ளீடு என்று நினைத்து விழுங்கிவிடும். முதல் சர்வர் மட்டும் ஓடும், லூப் அமைதியாக முடியும், எரர் எதுவும் வராது. எஸ்எஸ்எச்சுக்கு 'என்' (-n) ஆப்ஷன் கொடுத்தாலோ உள்ளீட்டை நல் டிவைஸிலிருந்து திருப்பிவிட்டாலோ தீர்ந்தது. அதேபோல், திரையிலும் கோப்பிலும் தெரியட்டும் என்று 'டீ' கட்டளைக்குப் பைப் செய்தால், கிடைக்கும் எக்ஸிட் கோட் டீயினுடையது. அது கிட்டத்தட்ட எப்போதும் 0தான் சொல்லும். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே சொல்ல வைக்கும் பைப்ஃபெயிலை பேஷில் இயக்கி வையுங்கள். பார்த்தீர்களா, இந்த இரண்டிலும் தோல்வி வெற்றி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. பதிவேடு வைத்திருந்தால் முதலாவது அன்றைக்கே மாட்டிக்கொள்ளும்: ஒருவர் வந்தார், 59 பேர் வரவில்லை.

சரி, கருவிகள். இதையெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை. பிஎஸ்எஸ்எச் (டெபியனில் பேரலல்-எஸ்எஸ்எச் என்ற பெயரில் வரும்) ஒரு ஃபோல்டரைக் கொடுத்தால் ஒவ்வொரு ஹோஸ்ட்டின் அவுட்புட்டையும் அதன் பெயரில் தனிக் கோப்பாக எழுதும், எரருக்கு வேறு ஃபோல்டர் கொடுக்கலாம். குனூ பேரலல் ஒவ்வொரு வேலையின் அவுட்புட்டையும் முடியும்வரை பிடித்து வைத்து மொத்தமாகத் தருவதால் வரிகள் கலப்பதே இல்லை. அதன் ஜாப்லாக் கோப்பில் தொடங்கிய நேரம், பிடித்த நேரம், எக்ஸிட் கோட் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த லாகை வைத்தே தோற்றவற்றை மட்டும் மறுபடி ஓட்டச் சொல்லலாம். பேஷை விட மனமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பெரிய கணினிக் கூட்டங்களை நடத்துபவர்களிடமிருந்து வந்த இரண்டு கருவிகள்: அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த பிடிஎஸ்எச், பிரான்ஸின் அணுசக்தி நிறுவனமான சிஇஏவில் பிறந்த கிளஸ்டர்ஷெல். ஆயிரக்கணக்கான மெஷின்களின் பதிலை ஒவ்வொன்றாக யாரும் படிக்க முடியாது. ஆகவே ஒரே மாதிரி பதில் சொன்னவர்களை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பிடிஎஸ்எச் அவுட்புட்டை 'டிஎஸ்எச்பேக்' என்ற துணைக் கருவிக்கு 'சி' (-c) ஆப்ஷனோடு அனுப்பினாலோ, கிளஸ்டர்ஷெல்லின் 'க்ளஷ்' கட்டளைக்கு 'பி' (-b) ஆப்ஷன் கொடுத்தாலோ, "வெப் 1 முதல் 57 வரை: இந்தக் கெர்னல், வெப் 58 முதல் 60 வரை: பழைய கெர்னல்" என்று இரண்டே பத்தியாக வந்து நிற்கும். அறுபது பதிலைப் படிப்பதற்குப் பதில், மாறுபடுகிற மூன்றை மட்டும் படித்தால் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதில்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் கட்டு கட்டும். உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியிலும் நேரத்தையும் ஹோஸ்ட்நேமையும் அச்சிட்டால் அறுபதும் அறுபது மாதிரி இருக்கும். ஆகவே தகவல் வரியில் நேரம் வேண்டாம். அது ஃபோல்டர் பெயரிலும் ஜாப்லாகிலும் ஏற்கெனவே இருக்கிறது. டிஸ்க்கையும் "47.3 ஜிபி மீதி" என்று கேட்காமல் "80 சதவீதத்தைத் தாண்டியதா" என்று கேட்டால் கட்டும். துல்லியமான எண் வேண்டுமானால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த எண்களை எந்த வடிவத்தில் எடுப்பது? மனிதர் படிப்பதற்காக அச்சிட்ட அட்டவணையை ஆக் கட்டளையால் பிய்ப்பது கடைசி வழியாக இருக்கட்டும். எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் விவரம்), ஐபி (நெட்வொர்க் விவரம்) போன்ற கட்டளைகள், கேட்டால், நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவிலேயே தரும். டிஎஃப்புக்கு ஜேசன் கிடையாது; 'பி' (-P) ஆப்ஷன் கொடுத்தால் வரி மடங்காமல் பாசிக்ஸ் வடிவில் வரும், அதைப் பிரிப்பது எளிது. ஒரு வரிக்கு ஒரு ஜேசன் என்று எழுதி வைத்தால் அறுபது கோப்பையும் ஒட்டினாலே போதும், ஜேசனுக்கென்றே இருக்கும் ஜேக்யூ கருவி படித்துக்கொள்ளும்.

எதை ஓட்டினாலும், அவுட்புட்டின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் என்ற மாறியை 'சி' (மொழி சேர்க்காத இயல்பு வடிவம்) என்று வைத்து ஓட்டுங்கள். தமிழ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை. டெபியன், உபுண்டுவில் எஸ்எஸ்எச் கிளையன்ட் உங்கள் மொழி அமைப்பையும் சேர்த்தே அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே தமிழ் லோகேல் (மொழி அமைப்பு) இருந்தால் கோப்புப் பட்டியலில் மாதப் பெயர் தமிழில் வந்து நிற்கும், இல்லாவிட்டால் பெர்ல் நிரல்கள் லோகேல் கிடைக்கவில்லை என்று எரரில் புலம்பும். ஒரே ஸ்கிரிப்ட் உங்களுக்கு ஒரு மாதிரியும் பக்கத்து இருக்கைக்காரருக்கு வேறு மாதிரியும் ஓடும்.

இப்போது அன்சிபிள். 2012இல் வெளிவந்தது, 2015இல் ரெட் ஹேட் வாங்கியது. கடைசியில் வரும் 'பிளே ரீகேப்' கிட்டத்தட்ட நம் பதிவேடுதான்: ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் எத்தனை ஓகே, எத்தனை தோல்வி, எட்ட முடியவில்லையா என்று தனித்தனியாகச் சொல்லும். அவுட்புட்டை 'ரெஜிஸ்டர்' செய்தால் அது அந்தந்த ஹோஸ்ட்டின் பெயரிலேயே நினைவில் இருக்கும். இதுவரை கையால் கட்டியதில் பாதி அதிலேயே இருக்கிறது.

ஆனால் ரிப்போர்ட் எழுதும் இடத்தில் தடுக்கி விழுவார்கள். பலரும் செய்வது, ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் 'டெலிகேட்' செய்து (அந்த வேலையை உங்கள் மெஷினிலேயே ஓடவிட்டு) உள்ளூர் கோப்பு ஒன்றில் 'லைன்இன்ஃபைல்' மூலம் ஒரு வரி சேர்ப்பது. அன்சிபிள் வழக்கமாக ஒரே நேரத்தில் ஐந்து ஹோஸ்ட்களில் வேலை செய்யும். அந்த ஐந்தும் ஒரே கோப்பைப் படித்து, வரி சேர்த்து, திருப்பி எழுதினால் சில வரிகள் காணாமல் போகும். அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரிகள். வரி கலப்பதைவிட இது மோசம், ஏனென்றால் கோப்பு பார்க்க அழகாகவே இருக்கும்.

சரியான வழி, எல்லா ஹோஸ்ட்டும் முடிந்த பிறகு லோக்கல்ஹோஸ்ட்டில், அதாவது உங்கள் மெஷினிலேயே, ஓடும் தனிப் பிளே (ஒரே இடத்துக்கான டாஸ்க்குகளின் தொகுப்பு) ஒன்றில், 'டெம்ப்ளேட்' மூலம் ஒரே தடவையில் முழு ரிப்போர்ட்டையும் எழுதுவது. 'ஹோஸ்ட்வார்ஸ்' வழியாக எல்லோருடைய பதிலும் கிடைக்கும். அதே பிளேயில் 'ரன்_ஒன்ஸ்' போட்டும் செய்யலாம், ஆனால் ஹோஸ்ட்களைத் தொகுதி தொகுதியாக எடுக்கும் 'சீரியல்' அமைப்பைப் பயன்படுத்தினால் அது ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தடவை ஓடி, முந்தைய ரிப்போர்ட்டின் மேலேயே மறுபடி எழுதும். இன்னொன்று, அங்கே எந்தப் பட்டியலைச் சுற்றி வருகிறீர்கள் என்று பாருங்கள். 'அன்சிபிள்_பிளே_ஹோஸ்ட்ஸ்' என்ற பட்டியலில் தோற்றவர்களும் எட்ட முடியாதவர்களும் இருக்க மாட்டார்கள். 'ஆல்' என்று முடியும் பட்டியலில்தான் எல்லோரும் இருப்பார்கள். முதல் பட்டியலைச் சுற்றி வந்தால் என் பழைய "எல்லாம் நலம்" மெயிலை நீங்களும் எழுதிவிடுவீர்கள். தனிப் பிளே என்றால் இரண்டும் உதவாது, அங்கே அவை லோக்கல்ஹோஸ்ட்டை மட்டுமே காட்டும். 'குரூப்ஸ்' மாறியில் இருக்கும் குழுவின் முழுப் பட்டியலைச் சுற்றி வந்து, பதில் இல்லாதவருக்கு நேரே "வரவில்லை" என்று எழுத வையுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது? அறுபது சர்வர், மூன்று கோப்பு, 24 ஓட்டம் என்றால் நாளைக்கு 4,320 கோப்புகள். அளவு சின்னதுதான், ஆனால் ஒரு வருஷத்தில் பதினைந்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஃபைல்சிஸ்டம் ஒதுக்கும் பதிவு) தீர்ந்துபோனால் டிஸ்க்கைக் கண்காணிக்கும் மெஷினின் டிஸ்க்கே நிரம்பிய கதையாகிவிடும். முந்தைய நாளின் ஃபோல்டர்களை இரவில் ஒரே டாராகச் சுருக்குங்கள், முப்பது நாள் கழித்து அழியுங்கள். எண்களை மட்டும் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில், ஓட்டத்துக்கு சர்வர் ஒன்றுக்கு ஒரு வரி என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிஸ்க் மாதம் எவ்வளவு வளர்கிறது என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்பவருக்கு அது போதும். எல்லாவற்றையும் மைய லாக் சர்வருக்கு அனுப்பலாமே என்பார்கள். அறுபது சர்வருக்கு, அதுவும் இந்த ஒரு ஸ்கிரிப்ட்டுக்காக மட்டும் என்றால், இன்னொரு பெரிய மெஷினைப் பராமரிக்கும் தலைவலிதான் மிஞ்சும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

ஃபோல்டரின் அனுமதியை 700 என்று வைக்க மறக்காதீர்கள். பிழை தேடுவதற்காக ஸ்கிரிப்ட்டில் யாராவது, ஓடும் கட்டளையையெல்லாம் அச்சிடும் செட் மைனஸ் எக்ஸ் (set -x) போட்டால் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எரர் கோப்பில் வந்து உட்கார்ந்திருக்கும். அன்சிபிளில் அப்படிப்பட்ட டாஸ்க்குகளின் அவுட்புட்டை மறைக்க 'நோ_லாக்' உண்டு.

கடைசியாக மெயில். தலைப்பிலேயே "60இல் 57 சரி, 1 தவறு, 2 பதில் இல்லை" என்று வரட்டும். உள்ளே அந்த மூன்றின் பெயரும் காரணமும் மட்டும். தவறு இருந்தால் மட்டும் மெயில் என்று வைத்தால் பெட்டி நிறையாது, உண்மைதான். ஆனால் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் மெஷினே செத்துப்போனாலும் மெயில் வராது. அதனால் எல்லாம் சரியாக இருந்தாலும் காலையில் ஒரே ஒரு மெயில் வரும்படி வையுங்கள். அதோடு, வேறொரு மெஷினில் பத்து வரி ஸ்கிரிப்ட் ஒன்று, கடைசி ஓட்டத்தின் ஃபோல்டர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பெயர் கூப்பிடும் வாத்தியார் இன்றைக்கு வந்தாரா என்று பார்ப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.